தம்ஸ் மாடலில் தலையும் கழுத்தும்: நான்கு வருட அனுபவம்

2021 ஜனவரியில் டொயோட்டா, மோதலில் உடலுக்கு என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் தன் தம்ஸ் மனித உடல் மாடலை இலவசமாகத் தந்தது, அந்த வருடமே இறக்கிக்கொண்டேன். நான் பார்ப்பது பைக் ஹெல்மெட் மோதல்கள், அதனால் முழு உடல் இருந்தாலும் தலை, கழுத்தோடுதான் எனக்குப் பழக்கம்.

முதல் ஆறு மாதம் நேரம் மிச்சமாகுமே என்று கழுத்தை நீக்கிவிட்டுத் தலையை மட்டும் ஓட்டினேன். நேராக விழும் அடிக்குப் பெரிய வித்தியாசமில்லை. சாய்வாக விழும் அடியில் தலை சுழலும், அந்தச் சுழற்சியைக் கழுத்து பிடித்து இழுக்கும், கழுத்து இல்லாமல் அது எப்படி வரும்? திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஹெச்ஐசி (தலைக் காய அபாயத்தைச் சொல்லும் அளவுகோல்) எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதும் இதனால்தான். அது தலையின் நேர்கோட்டு முடுக்கத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. மூளையை அமுக்குவது கிட்டத்தட்டத் தண்ணீரை அமுக்குவது போல, அவ்வளவு எளிதில் அமுங்காது, ஆனால் பக்கவாட்டில் இழுத்தால் தயிர் மாதிரி குலையும். சுழற்சிதான் ஆபத்து என்று ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் 1943-லேயே எழுதிவிட்டார். நான் ஓட்டிய இரண்டு ஹெல்மெட்களில் ஹெச்ஐசி ஏறக்குறைய ஒன்றே, மூளைத் திசுவின் ஸ்ட்ரெய்ன், அதாவது திசு இழுபடும் அளவு, ஒன்றில் தெளிவாகவே அதிகம். இந்தக் கோணத்தில் இது அதைவிட நல்லது என்று ஒப்பிட மாடலை முழுதாக நம்புவேன், இந்த அடியில் இன்னாருக்குக் காயம் வராது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

நேரம் பற்றியும் சொல்லவேண்டும். கணினி மோதலைச் சின்னச் சின்ன நேரப் படிகளாகக் கணக்கிடும், ஒரு படி மாடலின் ஒரு துண்டை (எலிமெண்ட்) ஒலி கடக்கும் நேரத்தைத் தாண்டக்கூடாது. மூளையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,450 மீட்டர் ஓடும், எலிமெண்ட் 1 மி.மீ. என்றால் ஒரு படி 0.7 மைக்ரோ நொடிதான், 100 மில்லி நொடி மோதலுக்கு 1,40,000 படிக்கு மேல். ஒரே ஒரு எலிமெண்ட் நசுங்கினாலும் படி இன்னும் சுருங்கும், இரவு முழுக்க ஓடி விடியற்காலையில் நெகட்டிவ் வால்யூம் (எலிமெண்ட் உள்ளும் புறமுமாகப் புரண்டுவிட்டது) என்று நின்றுவிடும்.

அதைவிட வலித்தது வேறு. ஒருமுறை அழகான சிவப்பு, மஞ்சள் படத்தைக் காட்டினேன், ஹவர்கிளாஸ் எனர்ஜி, அதாவது எலிமெண்ட்கள் பொய்யாக நெளிவதை அடக்கச் செலவாகும் ஆற்றல், எவ்வளவு என்று வழிகாட்டி கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், உள் ஆற்றலில் கால் பங்கு. மூன்று வார முடிவுகளையும் தூக்கிப்போட்டேன். இப்போதெல்லாம் எனர்ஜி வரைபடத்தைப் பார்க்காமல் வேறெதையும் திறப்பதில்லை.

அப்புறம், தம்ஸ் சராசரி ஆண் மாடலில்தான் இவ்வளவும் செய்தேன். பின்னாலிருந்து கார் இடித்தால் கழுத்துக் காயம் பெண்களுக்கே அதிகம் என்பது தெரிந்த விஷயம். சராசரிப் பெண்ணின் அளவில் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம் செய்து திறந்த மூலமாக வெளியிட்ட விவா மாடலைப் போன மாதம் ஓட்டத் தொடங்கினேன். கழுத்து முதலில் எஸ் வடிவில் வளைவது, கீழ்ப்பகுதி பின்னோக்கியும் மேல்பகுதி முன்னோக்கியும் மடிவது, அதில் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.