ஓநாயைப் பிடிக்கிறது, ‘நாயே’வை விட்டுவிடுகிறது

ஆன்லைனில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் சந்தேகம் கேட்கத் திரையின் ஓரத்தில் ஒரு சாட் பெட்டி இருக்கும். அதில் கெட்ட வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ள, வகுப்புத் தளத்தோடு சேர்ந்தே ஒரு ஃபில்டர் வருகிறது. ‘தமிழும் தெரியும்’ என்று போட்டிருந்தார்கள். ஒரு பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். சொல்லப்போகும் குறைகள் வெறும் வார்த்தைப் பட்டியலை நம்பி ஓடும் எந்த ஃபில்டருக்கும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம் அபாரம். யாரோ வெளியாள் புகுந்து கண்ட இணைப்புகளைக் கொட்டினால் கண் இமைப்பதற்குள் தூக்கிவிடுகிறது. பச்சையான ஆங்கில வசவுகளும் தப்புவதில்லை. அவ்வளவுதான் நல்லது.

தமிழில் ஒருவரைத் திட்ட நாம் பாதி நேரம் விலங்குகளைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறோம். ஆகவே பட்டியலில் நாய், கழுதை, எருமை, பன்றி, குரங்கு எல்லாம் இருக்கின்றன. பாலூட்டிகள் பாடம் நடத்தும் ஆசிரியரின் கதி என்ன ஆகும்? ஒரு மாணவி, “மிஸ், கழுதைப்புலி நாய்க் குடும்பமா, பூனைக் குடும்பமா?” என்று கேட்டாள். அருமையான கேள்வி. பார்த்தால் நாய் மாதிரி இருக்கும், ஆனால் அது தனிக் குடும்பம், உறவில் பூனை, கீரி பக்கம்தான் நெருக்கம். திரையில் எங்களுக்குத் தெரிந்ததோ இதுதான்: “மிஸ், *ப்புலி *க் குடும்பமா, பூனைக் குடும்பமா?” மற்ற பிள்ளைகள் அந்த நட்சத்திரங்களுக்குள் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கழுதையை அப்படியே விட்டிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அதே வகுப்பில் ஓநாய் ‘ஓ*’ ஆனது, நீர்நாய் ‘நீர்*’ ஆனது, முள்ளம்பன்றிக்கு முள் மட்டும்தான் மிஞ்சியது. தோல் பாடத்துக்கு வந்தால் மயிர்க்கால் போச்சு.

சரி, பிள்ளைகள் நிஜமாகவே திட்டிக்கொண்டால் பிடிக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இரண்டு பையன்களுக்குள் சண்டை வந்து ஒருவன் மற்றவனை “போடா நாயே” என்றான். ஃபில்டர் வாயே திறக்கவில்லை. காரணம் எளிது. கணினிக்கு ‘நாய்’ என்பது ந, கால், ய, புள்ளி என்று நான்கு துண்டுகள். ‘நாயே’யில் கடைசித் துண்டு புள்ளி இல்லை, ஏகாரக் குறி. பட்டியலில் இருப்பதோடு பொருந்தாததால் விட்டுவிடுகிறது. யாரையும் திட்டும்போது “நாய்” என்று அகராதி வடிவத்திலா திட்டுகிறோம்? வேற்றுமை உருபும் விளியும் பேச்சுவழக்கும் சேர்ந்து வார்த்தையின் வாலை மாற்றிக்கொண்டே இருக்கும் மொழி இது. அந்த வாலைப் பற்றி இந்த ஃபில்டருக்கு ஒன்றுமே தெரியாது.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். மறுநாளே “சரிசெய்துவிட்டோம் மேடம்” என்று பதில் வந்தது. என்ன சரிசெய்தார்கள் என்றால், புள்ளியை எடுத்துவிட்டு வெறும் ‘நாய’ என்று பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்! ‘நாயே’ மாட்டியது உண்மைதான். கூடவே ஜனநாயகம் ‘ஜன*கம்’ ஆகிவிட்டது. விநாயகம் என்ற பையனின் பெயரை யார் எழுதினாலும் நடுவில் நட்சத்திரம். ஓநாய் எழுதினால் புள்ளி மட்டும் ஒட்ட இடமில்லாமல் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கியது.

அப்புறம் ‘முழுச்சொல்லாக இருந்தால் மட்டும் தடு’ என்ற அமைப்பைப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்துக்கு இது கைகொடுக்கிறது. ‘கிளாஸ்’, ‘அசைன்மென்ட்’ போன்றவற்றின் ஆங்கில எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் வசவுக்காக அவற்றை வெட்டாமல் விடுகிறது. தமிழில் கதை தலைகீழ். தனியாக நிற்கும் ‘நாய்’ தப்பிவிடுகிறது, ‘நாய்க்குட்டி’ மாட்டிக்கொள்கிறது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் நம் துணைக்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் வராது, ‘குறி’ வகையில் வரும். எழுத்து எங்கே முடிகிறதோ அங்கேதான் சொல் முடிகிறது என்று எண்ணும் நிரல்கள் அதனால் சொல்லின் நடுவிலேயே எல்லை போட்டுவிடுகின்றன. தமிழில் ஒரே ஒரு பக்கத்தை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

இது நமக்கு மட்டும் வந்த வினை இல்லை. 1996-ல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஃபில்டர் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்கவே விடவில்லை. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு வசவு இருந்ததுதான் குற்றம். இந்தக் கோளாறுக்கு இன்றும் ‘ஸ்கன்தோர்ப் சிக்கல்’ என்றுதான் பெயர். என் துறைக்குப் பக்கத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்களை ஆராய்பவர்களின் சங்கம் 2020-ல் ஆண்டு மாநாட்டை ஆன்லைனில் நடத்தியது. கேள்வி கேட்கும் பகுதியில் இருந்த ஃபில்டர் ‘எலும்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே தடுத்துவிட்டது. எலும்பு இல்லாமல் அவர்கள் எதைப் பேசுவது? ஆங்கிலக் கொச்சையில் ஆணுறுப்பைக் குறிப்பதால் ‘வாங்’ என்ற சீனக் குடும்பப்பெயரும் தடை. அதே கொச்சைப் பொருளில் வழங்கும் ‘ஜான்சன்’ என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் மட்டும் தாராளமாக உள்ளே போனது. பட்டியல் போட்டவர் எந்தப் பக்கத்து ஆள் என்பது இதிலேயே தெரிகிறது.

ஆனால் தப்பாக வெட்டுவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது, வெட்டிவிட்டு அது செய்யும் வேலை. நட்சத்திரம் விழுந்தவுடன் அந்தப் பிள்ளைக்கு ‘மரியாதையாகப் பேசவும்’ என்று ஒரு செய்தி போகிறது, சிறிது நேரத்துக்கு அவர் எழுதவும் முடியாது. எந்தச் சொல்லுக்காக என்று சொல்வதில்லை. எனக்கும் தகவல் வருவதில்லை. கழுதைப்புலி கேட்ட மாணவி, நான்தான் கோபித்துக்கொண்டு அவள் வாயை அடைத்தேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் அம்மா போன் செய்த பிறகுதான் எனக்கே தெரியும். நல்லவேளை, போன் செய்தார்.

வசவு தெரிந்த பையன்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளியோ இடைவெளியோ விட்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். மாட்டுவதெல்லாம் பாடத்தை ஒழுங்காக எழுதும் பிள்ளைகள்தான்.

அமைப்புகளில் ரொம்ப உள்ளே, ‘மேம்பட்டவை’ என்ற தலைப்பின் அடியில், ‘நிறுத்திவைத்து ஆசிரியரிடம் காட்டு’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் செய்தி என் திரையில் மட்டும் வரும், நான் ஒரு தட்டு தட்டினால் உள்ளே போகும், யாருக்கும் வாய்ப்பூட்டு விழாது. இதைத் தொடக்கத்திலேயே இயல்பாக வைத்திருக்க வேண்டியதுதானே? சின்ன வகுப்புக்கு இது போதும். பெருங்கூட்டத்துக்கு ஒருவர் இதற்கென்றே உட்கார வேண்டும், அப்படி ஆள் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

இப்போது தமிழ்ப் பட்டியலை மொத்தமாக அணைத்துவிட்டு, ஆங்கிலத்துக்கு முழுச்சொல் அமைப்பும், சந்தேகப்பட்டவற்றுக்கு நிறுத்திவைக்கும் அமைப்பும் போட்டு ஓட்டுகிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தரலாம். அதில் ஒன்று இணைப்புகளைத் தடுப்பதற்கு.