28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் நடுவே

பாஸ்டன் துறைமுகத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் பிடிப்பதற்காக, வழிகாட்டும் கேப்டனோடு சேர்த்து ஒரு வாடகைப் படகை அமர்த்திக்கொண்டு, சென்ற ஜூன் மாதத்தில் நாங்கள் நால்வர் ஐந்து மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு வந்தோம். படகுக் கட்டணம் 750 டாலர். வழக்கப்படி அதில் ஐந்தில் ஒரு பங்கை அன்பளிப்பாகக் கொடுத்தோம். ஆக 900 டாலர் செலவழித்து, வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு மீன். இந்தக் கணக்கைக் கேட்ட என் மைத்துனரின் நண்பர்கள் அந்தப் பணத்துக்கு ஒரு மாதம் மீன்கடையில் வாங்கியிருக்கலாமே என்று சிரித்தார்கள். பணம் வீணானதாக நான் நினைக்கவில்லை. எனினும் அந்தப் பணம் எதற்கு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவதற்கும், தெரியாமல் போய் ஏமாறுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது. இங்குள்ளவர்கள் இதைச் சுருக்கமாக ஸ்ட்ரைப்பர் என்பார்கள். தெற்கே செசபீக் விரிகுடாப் பக்கம் போனால் இதற்கே ராக்ஃபிஷ் என்று பெயர். வெள்ளி உடம்பில் செவுள் தொடங்கி வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். தொலைவிலிருந்து பார்த்தால் நம் ஊர்க் கொடுவாவின் சாயல் தெரியும், ஆனால் இரண்டும் வேறு குடும்பம். வாழ்க்கை முறையும் நேர் எதிர். கொடுவா கடலில் முட்டையிட, அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் ஏறும். ஸ்ட்ரைப்பரோ செசபீக்கில் விழும் ஆறுகளிலும் ஹட்சன், டெலவர் ஆறுகளிலும் வசந்த காலத்தில் முட்டையிட்டுவிட்டு, கடலுக்கு இறங்கி, கரையை ஒட்டியே வடக்கு நோக்கி வந்து, மே மாதத்தில் மாசசூசெட்ஸை எட்டி, அக்டோபர் வரை இங்கே மேய்ந்துவிட்டுத் திரும்பும். கரையை விட்டு அதிகம் விலகாத மீன் என்பதால்தான் இதற்குப் பெரிய படகும் நெடும்பயணமும் தேவைப்படுவதில்லை.

காலை நாலே முக்கால் மணிக்கு, பாஸ்டனுக்குத் தெற்கே உள்ள ஒரு படகுத்துறையிலிருந்து புறப்பட்டோம். 24 அடி நீளம், நடுவில் சுக்கான் மேடை, சுற்றிலும் நடமாட இடம். கேப்டன் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்றவர். அந்த வகை உரிமத்தில் ஆறு பயணிகள் வரைதான் ஏற்றலாம். உரிமம் பெற்ற வாடகைப் படகில் போகிறவர்கள் தனியாகக் கடல்மீன்பிடி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பது இந்த மாநிலத்தில் ஒரு வசதி. கழிப்பறை உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சுக்கான் மேடைக்கு அடியில் குனிந்து நுழையும்படியான ஒரு பொந்தில் வைத்திருந்த சிறு பெட்டிக்குத்தான் அந்தப் பெயர் என்பது என் மனைவி கதவைத் திறந்து பார்த்த பிறகே தெரிந்தது. பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் இதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

துறைமுகத்துத் தீவுகள் அலையைத் தடுத்துவிடுவதால் யாருக்கும் வாந்தி மயக்கம் வரவில்லை. வலப்புறம் தீவுகள், இடப்புறம் லோகன் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள், எதிரே டீர் தீவில் ராட்சத முட்டைகளைப்போல் வரிசையாக நிற்கும் 12 கழிவுநீர்க் கலன்கள். 1980களில் நாட்டிலேயே மிக அசுத்தமான துறைமுகங்களுள் ஒன்றாகப் பேசப்பட்ட இடம் இது. டீர் தீவில் புதிய சுத்திகரிப்பு நிலையம் எழுந்து, 2000-ஆம் ஆண்டில் ஒன்பதரை மைல் நீளமுள்ள சுரங்கக் குழாய் வழியாகச் சுத்திகரித்த நீரை வெளிக்கடலுக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கியதன் பலனை, படகின் ஓரமாகக் குனிந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கேப்டன் இதையெல்லாம் தானாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் அளவாகப் பதில் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் முக்கால் மணி நேரம் மீன் பிடிக்கவேயில்லை, இரை பிடித்தோம். இரையின் பெயர் மென்ஹேடன். மத்திக்கு உறவு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மாசசூசெட்ஸ் மீனவர்கள் இதைப் போகி என்கிறார்கள். கேப்டன் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் என் மைத்துனரின் பன்னிரண்டு வயது மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். காற்றே இல்லாத தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் மேற்பரப்பு சிலிர்த்தது. அதுதான் போகிக் கூட்டம். கேப்டன் மும்முள் தூண்டிலை அதற்குள் எறிந்து இழுத்து, ஒவ்வொன்றாகக் கொளுவி எடுத்து, நீர் சுழலும் தொட்டியில் உயிரோடு விட்டார். ஒரு பத்துப் போகி சேர்ந்ததும், வற்றத்தின் வேகம் கூடும் நேரம் பார்த்து, பெடாக்ஸ் தீவுக்கும் ஹல் முனைக்கும் நடுவே உள்ள குறுகிய கால்வாயை நோக்கிப் படகைத் திருப்பினார். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ பத்தடி மாறும். அவ்வளவு நீரும் அந்த இடுக்கு வழியாக ஓடும்போது சிறுமீன்கள் நிலைகுலைய, பெரிய மீன்கள் சுழிப்பின் ஓரத்தில் காத்திருந்து பிடிக்கும். கட்டணத்தின் பெரும்பகுதி இந்த ஒரு முடிவுக்குத்தான். எந்த நாழிகையில் எந்த இடுக்கில் நிற்க வேண்டும் என்பதை நாமாகக் கற்றுக்கொள்ளப் பல கோடைகள் ஆகும்.

உயிர் இரையை வட்டமுள்ளில்தான் மாட்ட வேண்டும் என்பது சட்டம். 2021 முதல் அட்லாண்டிக் கரை முழுவதும் இந்த விதி நடப்பில் உள்ளது. முள்ளின் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், மீன் இரையை விழுங்கிவிட்டுத் திரும்பும்போது அது தொண்டையில் குத்தாமல் நழுவி வந்து வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல் உண்டு: மீன் கடித்ததும் வெடுக்கென்று சுண்டி இழுக்கக் கூடாது. சிறு வயதில் குளத்தங்கரையில் தங்கூசியைப் பிடித்துப் பழகிய கைக்கு இது எளிதில் படியாது. போகி மூக்கில் முள்ளோடு நீந்திக்கொண்டிருந்தது. தூண்டில் கோலில் அதன் வாலடிப்பு மெல்லிய துடிப்பாகக் கைக்குத் தெரிந்தது. திடீரென்று அந்தத் துடிப்பு வேகமெடுத்தது. பெரிய மீன் நெருங்கினால் இரை இப்படித்தான் பதறும் என்று கேப்டன் முன்பே சொல்லியிருந்தார். தண்ணீர் ஒருமுறை வெடித்து அடங்கியது, தங்கூசி ஓடத் தொடங்கியது, நான் சுண்டி இழுத்தேன். முள் வெறுமனே வந்தது. “மாமா, அவர்தான் இழுக்காதீங்கன்னு மூணு தடவ சொன்னாரே” என்றாள் மைத்துனர் மகள். அடுத்த மீனை அவள்தான் பிடித்தாள். ஐந்து வரை எண்ணிவிட்டு, கோலைத் தாழ்த்தி, நிதானமாகச் சுற்றினாள்.

ஐந்து மணி நேரத்தில் ஒன்பது மீன்கள் படகருகே வந்தன. அவற்றில் ஏழு மிகப் பெரியவை, ஒன்று சிறியது, ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளத் தக்கது. வாயை மூடி, வாலின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து அளக்கும்போது 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்தைத் தொடாமலும் இருந்தால் மட்டுமே அதை எடுத்துவரலாம், அதுவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. முன்பு 35 அங்குலம் வரை அனுமதித்தார்கள். 2023-இல் அவசர நடவடிக்கையாக அதை 31 ஆகக் குறைத்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறிப் பிடித்ததில் 1980களின் தொடக்கத்தில் இந்த இனம் அழிவின் விளிம்புக்கே போய், 1984-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை பிடிப்பதையே தடைசெய்து, அதன் பிறகு மெல்ல மீண்ட மீன் இது. 2019-இல் வந்த மதிப்பீடு மறுபடியும் எண்ணிக்கை சரிந்துவிட்டதாகச் சொன்னது. பெரிய மீன்கள் பெரும்பாலும் முதிர்ந்த பெண்மீன்கள். ஒவ்வொன்றும் பல இலட்சக்கணக்கில் முட்டையிடக் கூடியது. அவற்றைத் திருப்பி விடச் சொல்லும் விதியை நான் குறை சொல்லமாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது பதிவு செய்தபோது நடந்த பேச்சைப் பற்றித்தான். இரவு விருந்துக்கு மீன் நிச்சயம் என்று தொலைபேசியில் பேசிய பெண்மணி உற்சாகமாகச் சொன்னார். அளவு விதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனைக்கும் முழ நீளப் போகியை உயிரோடு மாட்டினால் அதை விழுங்கக் கூடிய வாயுள்ள மீன்தான் வரும், அது பெரும்பாலும் 31 அங்குலத்தைத் தாண்டியே இருக்கும் என்பது அவர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. பெரிய மீனோடு மல்லுக்கட்டும் அனுபவம் வேண்டுமா, சமையலுக்கு மீன் வேண்டுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், இரண்டாவதை விரும்புகிறவர்களுக்குச் சிறிய செயற்கை இரைகளைக் கட்டிக் கொடுத்திருக்கலாம். எங்களுக்கு முன் துறைக்குத் திரும்பிய ஒரு குடும்பம் வெறும் ஐஸ் பெட்டியோடு முகம் வாடிப் போனதைப் பார்த்தேன்.

இன்னொன்று என்னை அதைவிட உறுத்தியது. அன்றைய மீன்களில் மிகப் பெரியது 41 அங்குலம். என் மனைவிதான் கால்மணி நேரம் போராடிக் கொண்டுவந்தாள். அதுவரை ஒவ்வொரு மீனையும் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிய கேப்டன், இந்த மீனை மட்டும் கீழ்த்தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கினார். அந்த எடை முழுவதும் தாடையில் தொங்கியது. எங்கள் படம் எடுத்தாயிற்று. அதன் பிறகு தம் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகத் தம்முடைய கைப்பேசியில் இன்னும் நான்கு படம் எடுத்துக்கொண்டார். செவுள் திறந்து மூடுவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் நூற்றுக்கு ஒன்பது இறந்துபோகும் என்பதுதான் மேலாண்மைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவு. நீர் சூடாக இருந்தாலோ, காற்றில் நெடுநேரம் வைத்திருந்தாலோ பிழைப்பது இன்னும் கடினம். தண்ணீரில் இறக்கியதும் அது பக்கவாட்டில் சாய்ந்தது. நல்லவேளையாக, அவர் பதறாமல் அதன் தாடையைப் பற்றிக்கொண்டு, படகை மிக மெதுவாக முன்னே நகர்த்தச் சொல்லி உதவியாளரிடம் கைகாட்டி, நீர் செவுள் வழியாக ஓடும்படி மூன்று நான்கு நிமிடம் பிடித்திருந்தார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து அந்த வாய்க்குள் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். இந்த மீனுக்குக் கூரிய பல் கிடையாது, தாடையோரம் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும். அந்த வாய் விரலை அழுத்திக் கடித்தபோதுதான் விடலாம் என்றார். ஒரு வால் வீச்சில் எங்கள் நால்வரையும் நனைத்துவிட்டுப் போயிற்று. இவ்வளவு அக்கறையாக மீட்கத் தெரிந்தவர், அதற்குத் தேவையே வராமல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வைத்துக்கொண்ட மீன் 29½ அங்குலம். துறையில் உதவியாளர் அதை இரு துண்டங்களாகச் சீவித் தந்துவிட்டு, தலையையும் நடுமுள்ளையும் ஒதுக்கப் போனார். அது எனக்கு வேண்டும் என்றேன். மூன்று ஆண்டு வேலையில் யாரும் கேட்டதில்லை என்றார். துண்டங்களை மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டு வறுத்தோம். வெள்ளைச் சதை, அகலமான ஏடுகளாகப் பிரிகிறது, மணம் குறைவு. கொடுவாவின் கொழுப்பை எதிர்பார்க்கக் கூடாது. தலையைப் போட்டு வைத்த புளிக்குழம்புதான் அதைவிடச் சுவையாக இருந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த மீனில் பாதரசமும் பிசிபி என்ற வேதிப்பொருளும் சேர்வதால், கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அளவோடுதான் உண்ண வேண்டும் என்று கிழக்குக் கரையில் பல மாநிலங்களின் சுகாதாரத் துறைகள் எச்சரித்திருக்கின்றன. மைத்துனர் மகளுக்கு ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

உபகரணங்களில் குறையில்லை, கோல்கள் புதியவை, உருளைகள் உப்புப் படியாமல் கழுவப்பட்டிருந்தன, குழந்தைக்கு ஏற்ற உயிர்காப்பு அங்கியும் இருந்தது. ஐந்து மணி நேரம் என்பது துறையை விட்டது முதல் துறைக்குத் திரும்புவது வரை என்பதையும், அதில் இரை பிடிக்கும் நேரமும் அடக்கம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

செப்டம்பர் கடைசியில், மீன்கள் தெற்கே திரும்பத் தொடங்கும் வேளையில், இன்னொரு முறை போக நாள் குறித்திருக்கிறோம். அதே கேப்டன்தான். இந்த முறை போகி வேண்டாம், சிறிய இரைகளே போதும், மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமல் படம் பிடித்தால் போதும் என்று முன்பணத்தோடு சேர்த்தே எழுதி அனுப்பினேன். சரி என்று பதில் வந்திருக்கிறது, தலை யாருக்கும் போகாது என்ற ஒரு வரியோடு.