ஒத்தப் புருவமும் ரெண்டரை வருஷ போட்டாக்ஸும்

போன வாரம் மைனி போன் போட்டாவ. மகளுக்கு கார்த்திகையில கல்யாணம், அதுக்கு முன்னாடி நெத்திச் சுருக்கத்துக்கு ஊசி போடலாமான்னு கேட்டாவ. நெத்தி மைனிக்க நெத்தி, மகளுக்க இல்ல. முக்கா மணிநேரம் பேசியும் தீரல, அதான் எழுதி அவியளுக்கும் அனுப்பிடலாம்னு.

ஊசி போட்டாக்ஸ்தான், சுருக்கம் உழ வைக்கிற தசைய கொஞ்ச நாள் அசையாம ஆக்குற மருந்து. நான் 44 வயசுல ஆரம்பிச்சேன், ரெண்டரை வருஷத்துல 7 தடவ போட்டாச்சு. ஆரல்வாய்மொழிக்கு ஸ்கூட்டர்ல வேலைக்குப் போறவ நான், ஆனி ஆடிக் காத்துல கண்ண இடுக்காம வண்டி ஓட்ட முடியுமா, புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு உழுந்துட்டு. சும்மா இருந்தாலும் "என்ன கோவம்"னு கேப்பாவ. கோவமே இல்லாதவளுக்கு அத கேட்டு கேட்டே வெப்ராளம் வந்திரும்.

அந்தக் கோட்டுக்கு நல்லாவே கேட்டுது, பொய் சொல்லக்கூடாது. போட்ட அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, 4ஆம் நாள் கண்ணாடிய பாத்து மொறைச்சா மொறைக்க வரல. ரெண்டு வாரத்துல முழுசா புடிச்சுது. ஆழமா பதிஞ்ச கோடு மட்டும் லேசா இப்பவும் கெடக்கு, அது தசைக் கோடு இல்ல, தோல் மடிஞ்ச கோடாம், அத ஊசி முழுசா எடுக்காது.

எனக்க பிரச்சினை புருவம். மொதல் தடவ நெத்திக்கும் சேத்து போட்டுட்டு வந்தேன், 9ஆம் நாள் பாத்தா எடப்பக்கப் புருவத்துக்க வால் மட்டும் மேல ஏறி நிக்கு. புருவத்த தூக்குறது நெத்தித் தசைதான், நடுவுல மருந்து போய் அது சும்மா கெடந்து ஓரத்துக்கு மருந்து எட்டலன்னா, ஓரம் மட்டும் தனியா இழுக்கும். இது எனக்கு பொறவுதான் தெரியும். அந்த மூஞ்சியோட பெரியப்பா துஷ்டி வீட்டுக்கு போனேன் பாருங்க. பெரியம்மை அழுதுக்கிட்டே, ராத்திரி ஒருமணிக்கு நெஞ்சு வலிச்சுன்னு சொன்னாரு, ஆட்டோ வரதுக்குள்ள போயிட்டாருன்னு சொல்லிட்டு வந்தவிய சடார்னு நிறுத்தி, "என்ன பிள்ள புருவத்த தூக்குக, நான் பொய்யா சொல்லுகேன்?" அழுகையும் வருது, நெத்தி அசைய மாட்டேங்குது, என்ன செய்ய. முந்தானைய வச்சு பாதி மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன்.

ஒண்ணரை மாசம் அப்படியே திரிஞ்சேன். அப்புறம் கிளினிக்ல போய் சண்ட போட்டா, டாக்டர் பாத்துட்டு ஓரத்துல 2 யூனிட் (மருந்த யூனிட் கணக்குலதான் அளப்பாவ) வச்சாரு, அஞ்சு நிமிஷம், காசு வாங்கல, நாலு நாள்ல புருவம் எறங்கிட்டு. இதுக்கு நன்றி சொல்லவா, 14ஆம் நாள் வந்து காட்டணும்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லாததுக்கு திட்டவா? இன்னைக்கு வர முடிவு பண்ணல. அஞ்சாவது தடவையும் அதே புருவம் ஏறிச்சு, அப்போ நானே நாள் எண்ணி 14ஆம் நாள் போய் நின்னேன்.

மைனிக்கு இன்னும் கொஞ்சம். "ஏரியாவுக்கு இவ்வளவு"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, எத்தன யூனிட்னு கேளுங்க. எனக்கு புருவ நடுவுக்கு 20, நெத்திக்கு 10, யூனிட்டுக்கு 350 ரூவா. டிஸ்போர்ட்னு வேற மருந்து இருக்கு, அதுக்க யூனிட் வேற கணக்கு, எண்ணிக்கைய பாத்து மலிவுன்னு ஏமாறாதீங்க. பாட்டில கண் முன்னாடி எடுக்கச் சொல்லுங்க, தோல் டாக்டர் கையால போடுங்க, பார்லர்ல வேண்டவே வேண்டாம். மருந்து கீழ எறங்குனா இமை தொங்கிப் போவும், சரியாக வாரக்கணக்குல ஆகும், எனக்கு அது வரல, புண்ணியம். போட்டு நாலு மணிநேரம் படுக்கக்கூடாது, நெத்திய தேய்க்கக்கூடாது, ஹெல்மெட் நெத்திய அழுத்தும்னு நான் வடசேரியில இருந்து பஸ்லதான் வருவேன், அதுலயும் முன் சீட்டு கம்பியில தலைய சாய்ச்சு தூங்குனா போச்சு. ஆஸ்பிரின் சாப்பிடுறவியளுக்கு ரத்தம் கட்டும், ஆனா இருதயத்துக்கு எழுதிக் குடுத்தத நீங்களா நிறுத்திராதீங்க, அந்த டாக்டர்ட்ட கேளுங்க. வாய் ஓரத்துப் பள்ளத்துக்கும் சேத்து போடலாமான்னு கேட்டீங்கல்லா, அதுக்கு ஃபில்லர், பள்ளத்த நெரப்புற ஊசி, அது வேற ஊசி வேற செலவு.

எல்லாம் மூணு நாலு மாசம்தான், பொறவு பழைய மூஞ்சி. 7 தடவைக்கு 73,500 ஆச்சு, சேத்து வச்சிருந்தா ஏதாவது நகையாவது எடுத்திருக்கலாம். வீட்டுக்காரரு இன்னைக்கு வர ஒண்ணும் கண்டுபிடிக்கல, துஷ்டி வீட்டுல பெரியம்மை ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சாவ.

அதனால மைனி, வேண்டாம். சத்தியமா சொல்லுகேன், வேண்டாம். எனக்கு அடுத்தது 22ஆம் தேதி, அது கெடக்கட்டும்.

கேக்க மாட்டீங்கன்னு தெரியும். போடுறதா இருந்தா ஐப்பசி ஒண்ணாந்தேதி வாக்குல போட்டுருங்க, ரெண்டு வாரம் கழிச்சு காட்டி சரி பண்ண நாள் இருக்கும். தாலி கட்டும்போது மாப்பிள்ளைய பாத்து ஒத்தப் புருவம் ஏறி நின்னா, சம்பந்தி வீட்டுல ஆல்பத்த தொறக்கும்போதெல்லாம் கேப்பாவ.