ஸ்விட்ச்பிளேடா, எஃப்பிவியா? முதுகில் சுமக்கும் தாக்குதல் ட்ரோன்கள்: ஓர் அலசல்

இந்த ஒப்பீட்டை விலையில் ஆரம்பித்தால் அங்கேயே முடிந்துவிடும். உக்ரைன் போரில் பறக்கும் சாதாரண எஃப்பிவி (ட்ரோனின் கேமரா படத்தைக் கண்ணுக்கு மாட்டிய திரையில் பார்த்தபடி ஓட்டி, இலக்கில் மோதவிடும் ரகம்) ட்ரோன் ஒன்றைச் சுமார் 400, 500 டாலருக்குள் கட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஏரோவைரன்மென்ட் நிறுவனம் தயாரிக்கும் ஸ்விட்ச்பிளேட் 300 ஒன்றின் விலை பல்லாயிரம் டாலர். அப்படியிருக்க இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. ட்ரோன் தனியாகப் போருக்குப் போவதில்லை. அதை ஓட்டுகிறவரும் அவர் சுமக்கும் மூட்டையும் கூடவே போகவேண்டும்.

சுமையில் ஸ்விட்ச்பிளேட் 300-ஐ அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏவுகுழாயோடு சேர்த்தே இரண்டரை கிலோதான். குழாயைத் தரையில் நிறுத்தி ஏவினால், வெளியே வந்த வேகத்தில் மடிந்திருந்த இறக்கைகள் விரிந்துகொள்ளும், மின்மோட்டார் சுழலத் தொடங்கும். சுமார் 10 கிலோமீட்டர் போகும், 10 நிமிடத்துக்குக் குறையாமல் வானில் நிற்கும். இலக்கைத் திரையில் குறித்துவிட்டால் பின்தொடர்வதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பதால், ஓட்டுகிறவருக்குப் பெரிய கைத்திறன் தேவையில்லை. பாயும்போது குறுக்கே பொதுமக்கள் யாராவது வந்துவிட்டால் கடைசி நொடிகளில்கூடத் தாக்குதலை ரத்து செய்துவிட்டு மேலே திருப்பலாம். என்னைக் கேட்டால் இதன் மிகப் பெரிய பலமே இதுதான். விளம்பரத்தில் தூரத்தையும் வேகத்தையும் பெரிதாகப் போடுவார்கள்.

தாக்கும் பலத்தில்தான் ஏமாற்றம். இதன் வெடிமுனை ஏறக்குறைய லாஞ்சரிலிருந்து சுடும் ஒரு 40 மில்லிமீட்டர் சிறு குண்டின் அளவுக்குத்தான் வேலை செய்யும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிறப்புப் படைகள் திறந்தவெளியில் இருந்த ஆட்களைக் குறிவைத்தபோது அது போதுமானதாக இருந்தது. 2022-இல் உக்ரைனுக்குப் போனபோது எதிரே நின்றவை கவச வண்டிகள். அங்கே இது எடுபடவில்லை.

எஃப்பிவியில் கதை தலைகீழ். நான்கு விசிறி வைத்த பந்தயச் சட்டம், பேட்டரி, கேமரா, அடியில் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிய ஆர்பிஜி-7 (தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதம்) குண்டு. பார்க்க அரைகுறை வேலைபோல இருக்கும். ஆனால் சரியான இடத்தில் மோதினால் டாங்கியே எரியும். சிக்கல் அந்தச் 'சரியான இடத்தில்'தான். ஓட்டுகிறவர் நிலவறைக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ட்ரோன் உயரத்தில் இருக்கும்வரை படம் தெளிவு. இலக்கை நோக்கி இறங்க இறங்க மரமும் மேடும் சுவரும் சிக்னலை மறைக்கும். படத்தில் கோடுகள் ஓடும், பிறகு முழுத்திரையும் புள்ளி மழையாகிவிடும். கடைசி சில மீட்டர்களைப் பழக்கத்தையும் குத்துமதிப்பையும் நம்பித்தான் ஓட்டவேண்டும். இதில் எதிரியின் வண்டிமேல் ரேடியோ சிக்னலை முடக்கும் ஜாமரும் இருந்துவிட்டால் அந்தப் படமும் முன்கூட்டியே போய்விடும். கட்டுப்படுத்தியை விட்டால் தானாகச் சமநிலைக்கு வரும் ரகமும் இல்லை இது. சிமுலேட்டரில் வாரக்கணக்கில் பழகாதவர் கையில் கொடுத்தால் பாதி வழியிலேயே தரையில் மோதும். அதனால் 500 டாலர் என்பது ட்ரோனின் விலைதானே தவிர, ஒரு வெற்றிகரமான தாக்குதலின் விலை அல்ல. தவறியவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சேர்த்த பிறகும் எஃப்பிவியே மலிவு என்பது வேறு விஷயம். 2024-இல் பத்து லட்சம் ட்ரோன் தயாரிப்போம் என்று உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி 2023 டிசம்பரில் அறிவிக்க முடிந்ததும் இந்த மலிவால்தான்.

ஜாமரைச் சமாளிக்க வந்தது ஃபைபர் கேபிள் எஃப்பிவி. ரஷ்யா 2024-இல் முந்திக்கொண்டது, உக்ரைனும் பின்தொடர்ந்தது. சிக்னலைச் சுமக்கும், முடிபோல மெல்லிய இழை பின்னால் அவிழ்ந்துகொண்டே வரும். ரேடியோவே இல்லாததால் முடக்கவும் முடியாது, அலைவரிசையை மோப்பம் பிடிக்கவும் முடியாது. தரை தொடும்வரை படம் கண்ணாடிபோல இருக்கும். ஆனால் கேபிள் உருளையே கனம். அந்த அளவுக்கு வெடிமருந்தையோ தூரத்தையோ குறைத்தாகவேண்டும். சடாரென்று திருப்ப முடியாது, மரக்கிளையில் இழை சிக்கினால் அதோடு சரி.

இன்னும் பெரிய ரகங்களும் உண்டு. ஸ்விட்ச்பிளேட் 600 ஜாவலின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையின் வெடிமுனையோடு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆனால் மொத்தச் சுமை 20 கிலோவைத் தாண்டும். ரஷ்யாவின் லான்செட் 12 கிலோ அளவில், கவண்போன்ற ஏவுதளத்திலிருந்து கிளம்புவது. உளவு ட்ரோன் ஒன்று மேலே நின்று வழிகாட்ட, பின்வரிசைப் பீரங்கிகளை அது தேடித் தேடி அடித்தது. உக்ரைன் பீரங்கிகளைச் சுற்றிக் கம்பிவலை கட்டத் தொடங்கியது அதனால்தான். இந்தியாவின் நாகாஸ்திரா-1 இந்த வரிசையில் தனி: ஒரு கிலோ வெடிமுனை, இலக்கு கிடைக்காவிட்டால் பாராசூட்டில் இறக்கி மறுபடி பயன்படுத்தலாம். இந்திய ராணுவம் 2024-இல் முதல் தொகுதியைப் பெற்றது. மலையோரக் காவலில் ஏவிய எல்லாவற்றுக்கும் இலக்கு கிடைக்காது என்பதால், அந்தப் பாராசூட்டுக்குக் கொடுக்கும் எடை வீண் இல்லை.

சரி, எதை எடுப்பது? எதிரியின் பகுதிக்குள் நடந்தே போய்த் திரும்பும் சிறு குழுவுக்கு, தனிப் பயிற்சி பெற்ற ஓட்டுநர் யாரும் இல்லாதபோது, குழாய் ட்ரோன்தான். மாதக்கணக்கில் நகராத போர்முனையில், பின்னால் பட்டறையும் பேட்டரி சார்ஜ் செய்ய இடமும் இருந்தால் எஃப்பிவி. அங்கே ஜாமர் அடர்த்தியாக இருந்து மரங்கள் குறைவாக இருந்தால் ஃபைபர். ஒரு ராணுவம் எஃப்பிவியை மொத்தமாக வாங்கப் போகிறது என்றால், ஆர்டர் கொடுக்கும் முன் பயிற்சி முடித்த ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலைத்தான் நான் முதலில் கேட்பேன்.