25 லிட்டர் கீசரும் ஆறு மார்கழிகளும்

ஓசூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் 25 லிட்டர் கொள்ளளவும் 2000 வாட் திறனும் கொண்ட கீசர் ஒன்று ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. "அணைத்து அணைத்துப் போட்டால்தான் கரண்டு அதிகம் இழுக்கும், போட்டபடியே விட்டுவிடு" என்பது அப்பாவின் கட்சி. அதைச் சோதித்துப் பார்க்கவே மின்செலவைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்றைப் பிளக்கில் பொருத்தினேன்.

மார்கழிக் காலையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஏறத்தாழ 20 டிகிரி இருக்கும். 25 லிட்டரை அங்கிருந்து 60 டிகிரிக்கு ஏற்றக் கணக்குப்படி 1.16 யூனிட்டும் 35 நிமிடமும் வேண்டும். மீட்டர் காட்டியது 1.2 யூனிட், 37 நிமிடம். சூடேற்றுவதில் அநேகமாக வீண் எதுவும் இல்லை. வீணாவதெல்லாம் சூடான தண்ணீரைக் காத்து வைத்திருக்கும்போதுதான். நாங்கள் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், யாரும் குழாயைத் திறக்காமலேயே, 24 மணி நேரத்தில் 0.7 யூனிட் போயிருந்தது. கீசரின் உடம்பைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூடத் தெரியாது, ஏனெனில் சுற்றிலும் வெப்பத்தை வெளியே விடாத பஃப் நுரை அடைத்திருக்கிறார்கள். ஆனால் அடியில் குழாய்கள் நுழையும் இடத்தில் விரலை வைத்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள்.

அடுத்து, இரவு ஏழு மணிக்கு 60 டிகிரியில் அணைத்துவிட்டுக் காலை ஏழு மணிக்குப் பார்த்தேன்: 50 டிகிரி. மீண்டும் 60க்கு ஏற்ற 0.3 யூனிட் ஆனது. இரவு முழுவதும் போட்டே வைத்திருந்தால் ஏறத்தாழ 0.35 ஆகியிருக்கும். ஆறிக்கொண்டு வரும் தண்ணீர் முன்பைவிட மெதுவாகவே வெப்பத்தை இழக்கும் என்பதால் அப்பா சொன்னது தவறுதான், என்றாலும் என் வெற்றி வெறும் 0.05 யூனிட். (அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பை எழுத வேண்டாம்.)

உண்மையான மிச்சம் அணைக்கும் நேரத்தில் இருக்கிறது. குளித்து முடித்த பிறகு அணைத்தால், அதற்குள் கீசர் புதுத் தண்ணீரைப் பெருமளவு சூடாக்கிவிட்டிருக்கும். மறுநாள் வரை அந்தச் சூடுதான் கசிகிறது. குளிக்கத் தொடங்கும் முன்பே அணைத்துவிட்டால், நாள் முழுவதும் உள்ளே நிற்பது ஏறக்குறையப் பச்சைத் தண்ணீர். இழப்பதற்கு அதில் வெப்பமே இல்லை. இதனால் எங்களுக்கு மாதம் 18 யூனிட் அளவுக்குக் குறைந்தது.

அணைத்தபின் வெந்நீர் போதுமா என்று கேட்பார்கள். குளிர்ந்த நீர் அடியில் நுழைய, வெந்நீர் மேலே மிதந்து நிற்கிறது. வெளியேறும் குழாய் உள்ளே உச்சிவரை நீண்டு அதைத்தான் எடுக்கிறது. ஆகவே பச்சைத் தண்ணீர் கலந்து 20 லிட்டர் வாளி இரண்டு நிறையும் வரை சூடு அநேகமாக மாறுவதில்லை, பிறகு திடீரென விழுந்துவிடுகிறது.

எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு மூன்றாம் ஆண்டில் தண்ணீரைச் சூடேற்றும் எலிமென்ட்டைத் தின்றது. உப்பு படிந்தால் கரண்டு கூடும் என்று பலர் சொல்வார்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் எலிமென்ட்டின் வெப்பம் வேறெங்கும் போக வழியில்லாததால் செலவு கூடவில்லை, அதற்குப் பதிலாக எலிமென்ட்தான் அளவுக்கு மீறிக் காய்ந்து கருகியது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுரண்டி, தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தானே அரிபட்டுக் கரையும் மெக்னீசிய ஆனோடு கம்பியையும் பார்த்துக்கொள்கிறோம்.

எத்தனை டிகிரியில் சூடேற்றம் நிற்க வேண்டும் என்பதை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 50க்கு இறக்கினால் இழப்பு இன்னும் குறையும். ஆனால் வெதுவெதுப்பான நீரில் நுரையீரல் நோயை உண்டாக்கும் லீஜியோனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் பெருகும். எங்கள் முறையில் தண்ணீர் நெடுநேரம் போதிய சூடில்லாமல் நிற்கிறது. எனவே தினமும் ஒருமுறை 60ஐத் தொடட்டும் என்று அதை மட்டும் மாற்றவில்லை.