டிரைவர் எழுதிப் பழகுவதற்கு ஏற்ற சிபி2102 மாட்யூல்

கணினியின் யுஎஸ்பி போர்ட்டைச் சீரியல் போர்ட்டாக மாற்றித் தரும் யுஎஸ்பி சீரியல் சிப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் வேகத்தையும் பார்க்கிறார்கள். அதற்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) எழுத உட்காருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அதன் கட்டளைகளைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கிறாரா என்பதைத்தான். அந்த வகையில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு முதன்முதலாக டிரைவர் எழுத முனைகிறவர்களுக்குச் சிலிக்கான் லேப்ஸின் சிபி2102 பொருத்திய மாட்யூலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

காரணம், சிலிக்கான் லேப்ஸ் வெளியிட்டிருக்கும் ஏஎன்571 என்ற ஆவணம். போர்ட்டை இயக்குவது, வேகத்தை அமைப்பது, மோடம் வரிகளை (டேட்டாவுடன் செல்லும் கட்டுப்பாட்டு சிக்னல்களை) மாற்றுவது என ஒவ்வொரு கோரிக்கையின் எண்ணும் பிட் அமைப்பும் அதில் தெளிவாக உள்ளன. பாட் ரேட்டை, அதாவது சீரியல் வேகத்தை, மாற்றும் கோரிக்கையின் எண் 30 (பதினாறடி எண் முறையான ஹெக்ஸில் 1E). அதனுடன் வேகத்தை நான்கு பைட்டுகளாக, மதிப்பில் சிறிய பைட் முதலில் வருமாறு அனுப்பினால் போதும். 9600 என்பது ஹெக்ஸில் 2580. ஆகவே நாம் அனுப்புவது 80 25 00 00. எட்டு டேட்டா பிட், பிழை காட்டும் பாரிட்டி பிட் இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்ற வழக்கமான அமைப்புக்கு ஹெக்ஸில் 0800 என்ற ஒரே மதிப்பு. கடிகாரத் துடிப்பை வகுத்து வேகத்தைப் பெற உதவும் வகு எண்ணைக் கணக்கிடும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்கிறது.

விலை குறைந்த சிஎச்340 சிப்பில் இந்த வசதி இல்லை. அதன் டேட்டாஷீட்டில் பின்களைப் பற்றிய விவரம் உண்டு, சிப்பின் அமைப்புகளை எழுதும் ரெஜிஸ்டர்களைப் பற்றி இல்லை. பிரிஸ்கேலரையும் (கடிகாரத் துடிப்பை முதலில் குறைக்கும் அமைப்பு) வகு எண்ணையும் டிரைவரே கணக்கிட வேண்டும். அதன் சில வகைகளால் பிரேக் சிக்னலை (வரியைச் சற்று நேரம் பூஜ்யத்திலேயே பிடித்து வைப்பதை) அனுப்பவும் முடியாது என்பதால், லினக்ஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து ஒரு பூஜ்ய பைட்டை அனுப்பி அதைப் பாவனை செய்கிறது. அனுபவசாலிகளுக்கு இது சுவையான புதிர். புதியவரை இது களைப்படையச் செய்துவிடும். இன்னொரு யுஎஸ்பி சீரியல் சிப்பான எஃப்டி232ஆரிலோ, உள்ளே வரும் ஒவ்வொரு 64 பைட் பாக்கெட்டிலும் முதல் இரண்டு பைட்டுகள் நிலைத் தகவல். அவற்றை நீக்கிய பிறகே டேட்டா கிடைக்கும்.

சிபி2102 வழக்கமான முறையில் டேட்டாவை எதுவும் சேர்க்காமல் அப்படியே தருவதால், படிப்பதையும் எழுதுவதையும் கெர்னலின் பொதுவான யுஎஸ்பி சீரியல் அடுக்கிடமே விட்டுவிடலாம். டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற மோடம் வரிகள் இரண்டையும் ஒரே கோரிக்கையில் மாற்ற முடிவதும் பெரிய வசதி. பல ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் ஆர்டிஎஸ் மட்டும் இயக்கப்பட்டால் போர்டு ரீசெட்டில் நின்றுவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறைகளும் உண்டு. உச்ச வேகம் நொடிக்கு 1 மெகாபிட்தான். அதற்கு மேல் தேவையெனில் சிபி2102என் வகையை வாங்க வேண்டும். மலிவான மாட்யூல்கள் பலவற்றில் சீரியல் எண் 0001 என்றே விடப்பட்டிருப்பதால், இரண்டை ஒன்றாகச் செருகினால் அந்த எண்ணைக் கொண்டு பிரித்தறிய முடிவதில்லை.

உங்கள் டிரைவரைச் சோதிக்கும் முன், கெர்னலுடன் வரும் சிபி210எக்ஸ் டிரைவரை நினைவகத்திலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையேல் செருகியவுடன் சாதனத்தை அது எடுத்துக்கொள்ளும். சில மாட்யூல்களில் ஆர்டிஎஸ், சிடிஎஸ் பின்கள் வெளியே வருவதில்லை. இந்தப் பின்கள் மூலம் டேட்டா ஓட்டத்தை நிறுத்தித் தொடரும் ஃப்ளோ கன்ட்ரோலையும் எழுதிப் பார்க்க நினைப்பவர்கள் அந்தப் பின்கள் உள்ளனவா என்று படத்தில் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.