மாரியோவுக்கு அப்பால்: மெட்டல் ஸ்டார்மா, கிம்மிக்கா?

தொண்ணூறுகளில் சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கேம் என்றால் மாரியோ, கான்ட்ரா. கேசட் பட்டியலில் ஆயிரக்கணக்கில் பெயர்கள் ஓடும். உள்ளே இருப்பதோ திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டு. டிவியில் இணைத்து ஆடும் அதே நின்டெண்டோ வகை கன்சோலுக்கு வந்த இரண்டு நல்ல விளையாட்டுகள் நம் தெருக்களை எட்டவே இல்லை.

ஜப்பானிய நிறுவனமான ஐரெம் 1991இல் வெளியிட்ட 'மெட்டல் ஸ்டார்ம்' ஒரு ரோபோவின் கதை. மேல் பொத்தானோடு குதித்தால் புவியீர்ப்பே தலைகீழாகும், கூரை தரையாகிவிடும். சில எதிரிகளும் நம்மோடு சேர்ந்து புரளுவார்கள். அரைமணி நேரத்தில் கை பழகிவிடும். ஏற்காட்டில் மழைக்கு அறைக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

இன்னொரு ஜப்பானிய நிறுவனமான சன்சாஃப்டின் 'கிம்மிக்' (1992) வேறு ரகம். பொம்மை முகம், ஈவிரக்கமற்ற கடினம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாயகன் யுமெதாரோவின் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம் சுழலும். விட்டதும் சரிவுகளில் துள்ளி, சுவரில் மோதித் திரும்பும். அது வரும் வேகத்தைக் கணித்து அதன்மேல் ஏறிச் சவாரி செய்யலாம். ஒளித்துவைத்த பொருள்களை எல்லாம் எடுத்தால்தான் உண்மையான முடிவு. கேசட்டிலேயே தனி ஒலிச் சில்லு இருப்பதால் இசையும் செழுமை.

என் ஓட்டு கிம்மிக்குக்கே. பொறுமை இல்லாதவர்கள் மெட்டல் ஸ்டார்மோடு நிற்கட்டும். கிம்மிக்கின் புதிய பதிப்பு 2023இல் வந்துவிட்டதால் பழைய கேசட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.